அவள் சொன்னதாக நான் சொன்னது

ஐந்தரைக்கு எழும்புகிறேன். தண்ணீர் மோட்டரைப் போடுகிறேன். தாங்கி நிரம்ப இருபது நிமிடம் எடுக்கும். அதற்குள் பல் தீட்டி, முற்றம் கூட்டி, கேத்தலை அடுப்பில் வைக்கிறேன். தேத்தண்ணீர் ஒரு கோப்பை. பாண் இரண்டு துண்டு. ஆறு ஐம்பதுக்குக் கைத்தொலைபேசியைத் திரை மேலே தெரியும்படி மேசையில் வைக்கிறேன். வினோஜா பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற நேரம் அது. ஆறு ஐம்பதுக்கும் ஏழுக்கும் இடையில் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். ஏழு மணிக்குத் தொலைபேசியை எடுத்துச் சட்டைப்பையில் போடுகிறேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கிறேன். கந்தோருக்குப் போகிறேன்.

இருபத்தேழாம் நாளும் அப்படித்தான் விடிந்தது. அன்று கந்தோருக்கு லீவு போட்டிருந்தேன். கல்வெட்டின் புரூவ் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்வோம். அன்று வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சிறிய புத்தகமும் கொடுப்போம். இறந்தவரின் படம், வரலாறு, தேவாரம், அவரைப் பற்றிய வெண்பாக்கள் அதில் இருக்கும். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். வினோஜாவுக்கு இருபத்தெட்டு வயது. வரலாறு ஒரு பக்கம்கூட வரவில்லை. ஆகவே அவளுடைய அப்பா, பஞ்சலிங்கம் மாமா, ஒரு முழுப்பக்கத்தை அவள் சொன்ன ஒரு வசனத்துக்கு ஒதுக்கச் சொன்னார்.

அந்த வசனத்தை அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அச்சகம் நல்லூரில், ஒரு ரியூசன் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலாளி நீக்கிலாப்பிள்ளை குருநகர்க்காரர், கிறிஸ்தவர், அறுபது வயதுக்கு மேல். எங்கள் கலியாண அழைப்பிதழ்க் காட்டும் இவரிடம்தான் அடிக்கக் கொடுத்திருந்தோம்.

"வாரும் தம்பி, இரும்," என்றார். கதிரையில் கிடந்த காகிதக் கட்டைத் தூக்கிக் கீழே வைத்தார். "இளையதம்பி மாஸ்டர் எட்டு வெண்பா அனுப்பியிருக்கிறார். நாலிலை தளை தட்டுதாம், ஆனால் மாத்தக் கூடாதாம். எனக்கென்ன, நான் வேதக்காரன்."

புரூவைத் தந்தார். முதல் பக்கத்தில் அவள் படம். எழுத்தன்று எடுத்தது. எழுத்து என்றால் பதிவுத் திருமணம். எங்கள் ஊரில் அதை முதலில் முடித்துவிட்டுச் சில மாதம் கழித்துத் தாலி கட்டுவார்கள். தையில் எங்களுக்கு எழுத்து முடிந்தது. ஆனியில் கலியாணம் வைத்திருந்தோம். சித்திரை முடிய நாலு நாள் இருக்கையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அவளுடைய ஸ்கூட்டிக்குக் குறுக்கே மாடு வந்தது. ஹெல்மெட் தலையில் இருந்தது. பட்டியைப் பூட்டவில்லை.

எட்டாம் பக்கத்தைத் திருப்பினேன். நடுவில் பெரிய எழுத்தில்:

"நான் இல்லாமற் போனால், என்னில் எடுக்கக்கூடியதை எடுத்துப் பிறர்க்கு ஈந்துவிடுங்கள்."

கீழே சிறிய எழுத்தில், "அமரர் வினோஜா, தம் அன்புக் கணவரிடம் கீரிமலைக் கேணிப்படியில் அமர்ந்து உரைத்தது."

"ஈந்துவிடுங்கள் எண்டதும் மாஸ்டர் போட்டதோ?" என்று கேட்டேன்.

"பின்னை? பிள்ளை அப்பிடியே கதைச்சவ?" கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தம்பி, நாப்பது வருஷமாய்க் கல்வெட்டு அடிக்கிறன். உயிரோடை இருக்கேக்கை வாயைத் திறந்தால் தூசணம் கொட்டினவங்கள் எல்லாம் என்ரை அச்சகத்துக்கு வந்தாப் பிறகு திருவாசகம் மாதிரித்தான் கதைக்கிறாங்கள். நீர் ஒண்டும் யோசிக்காதையும். சரியெண்டால் கையெழுத்தைப் போடும். பின்னேரம் நாலு மணிக்கு மிஷின் ஏத்தவேணும்."

கையெழுத்துப் போடவில்லை. வினோஜாவின் அம்மா, மாமி, பார்க்க வேண்டும் என்றேன்.

எழும்பும்போது அவர் மேசை லாச்சியைத் திறந்தார். "உந்தக் கலியாணக் காட் சாம்பிள் ரெண்டும் கிடக்குது. எறிய மனமில்லை. வைச்சிருக்கவும் மனமில்லை."

ஒன்று மெரூன், ஒன்று பச்சை. இரண்டிலும் பிள்ளையார் பொன்னிறத்தில் இருந்தார். லாச்சியை நானே மூடினேன்.

மாமா வீடு இருக்கிற அளவெட்டிக்கு மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம். அந்த நேரம் முழுவதும் நான் நினைப்பது ஒன்றைத்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நாங்கள் இருக்க ஒரு நீளமான மரவாங்கு. தாதிமார் எதைக் கேட்பதானாலும் மாமாவைத்தான் கேட்டார்கள். அவளுக்கு என்ன ஒவ்வாது, என்ன இரத்தம், முன்பு என்ன வருத்தம் வந்தது. எனக்கு அவை தெரியாது. பார்க்க வந்த சொந்தக்காரர் என்னைக் காட்டி, "உவர்தான் எழுத்து முடிஞ்ச பொடியன்," என்றார்கள். கணவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பிழையென்று நானும் நினைத்தேன். தாலி கட்டவில்லையே.

மூன்றாம் நாள் காலை மூளை இறந்துவிட்டதென்று இரண்டு முறை சோதித்துச் சொன்னார்கள். இதயம் மெஷினால் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு டொக்டர் பிரதீபா எங்கள் மூவரையும் ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போனா. உறுப்பு மாற்று சம்பந்தமாக வீட்டாருடன் கதைப்பது அவவின் வேலை. நாலு கதிரை. மேசையில் தண்ணீர்ப் போத்தல், கண்ணைத் துடைக்க ரிசுத் தாள்.

அவ கேட்டா. மாமா, "என்ரை பிள்ளையை வெட்ட விடமாட்டன்," என்றார். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

"ஐயா, நான் கட்டாயப்படுத்தேல்லை," என்றா பிரதீபா. "சில நாடுகளிலை, வேண்டாமெண்டு எழுதி வைக்காத எல்லாரும் ஓம் எண்டுதான் சட்டம். இஞ்சை அப்பிடியில்லை. செத்த ஆள் முதலே எழுதி வைச்சிருக்க வேணும். இல்லாட்டில் வீட்டுக்காரர் சம்மதிக்க வேணும். சட்டப்படி கணவர் இவர்தான், இவர் கையெழுத்துப் போட்டால் காணும். ஆனால் நீங்கள் ஒராள் வேண்டாமெண்டாலும் நாங்கள் தொடமாட்டம்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டா. "வினோஜா எப்பவாவது இதைப் பற்றி ஏதும் கதைச்சவவோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று நாளில் அவளைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். நாங்கள் ஓடு பதிப்பது பற்றிக் கதைத்திருக்கிறோம். குசினிக்கு யன்னல் எந்தப் பக்கம் என்று கதைத்திருக்கிறோம். அவளுடைய அதிபரைப் பற்றி நிறையக் கதைத்திருக்கிறோம். சாவைப் பற்றிக் கதைத்ததில்லை. கதைத்ததில்லை என்று சொன்னால் அவளை எனக்குத் தெரியாது என்றாகும். எழுத்து முடிந்த பொடியன் என்றாகும்.

"ஓம். சொன்னவ," என்றேன்.

"என்ன சொன்னவள்?" என்றார் மாமா.

"தான் இல்லாமல் போனால், தன்னிலை எடுக்கக்கூடியதை எடுத்து ஆருக்கும் குடுக்கச் சொன்னவ."

"எப்ப?"

"எழுத்து முடிஞ்சு ரெண்டாவது ஞாயிறு. கீரிமலைக்குப் போனனாங்கள். கேணிப் படியிலை இருந்து சொன்னவ."

அந்த ஞாயிறு நான் கீரிமலைக்குப் போனது உண்மை. கந்தோர்ச் சிநேகிதன் சிவதர்ஷனோடு குளிக்கப் போனேன். அவள் வரவில்லை.

மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவள் சொன்னதெண்டால் நான் ஆர் மறிக்க," என்றார். மாமி அன்று முழுவதும் ஒரு வசனம்தான் பேசினா. "கண்ணை விடுங்கோ," என்றா. கண்ணை விட்டார்கள். இரண்டு சிறுநீரகம், ஈரல் எடுத்தார்கள். படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் கணவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் செத்தவீட்டில் கொள்ளி யார் வைப்பது என்று ஐயர் கேட்டார். தாலி கட்டாதவர் வைக்கலாமோ என்று யாரோ இழுத்தார்கள். மாமா அவர்களை மறித்தார். "அவளின்ரை மனம் தெரிஞ்ச ஆள் அவர்தான். அவர்தான் வைக்கவேணும்."

வைத்தேன். அந்தியேட்டிக் கிரியைக்கும் நான்தான் இருக்கப்போகிறேன். எல்லாம் அந்த ஒரு வசனத்தால் வந்தது.

எட்டாம் நாள் பிரதீபா அளவெட்டி வீட்டுக்கு வந்தா. மாமா மாமியைக் கும்பிட்டா. வாசல் படலையடியில் என்னிடம் சொன்னா: "ஒண்டரை வருஷமாய் நான் கேட்ட வீட்டுக்காரர் ஒருத்தரும் ஓம் எண்டேல்லை. செத்தவர் என்ன நினைச்சார் எண்டு தெரியாமல் நாங்கள் எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் எல்லாரும் கேக்கிறது. இப்ப உங்கடை வினோஜா சொன்னதைச் சொல்லுறன். இந்தக் கிழமை ரெண்டு வீட்டுக்காரர் ஓம் எண்டிட்டினம். இரத்தம் சுத்திகரிக்கிற வாட்டிலை வந்து பாருங்கோ, எத்தினை பேர் சிறுநீரகத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கினம் எண்டு. கல்வெட்டு அடிச்சால் எனக்கு ஐம்பது தாங்கோ. மேசையிலை வைக்கப்போறன்."

அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிறு என் நினைவில் வரத் தொடங்கியது.

முதலில் படி மட்டும் வந்தது. கடல் பக்கத்து மூலையில், மேலிருந்து மூன்றாவது. பிறகு அவள் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். ஒரு செருப்பின் வார் பிய்ந்து ஊசி குத்தியிருந்தது. பிறகு அவளுடைய பாவாடைக் கரை நனைந்தது. கந்தோரில் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டிருக்கும்போது வரும். பல் தீட்டும்போது வரும். சிவதர்ஷன் அங்கே இருந்த நினைவு அழிந்துவிட்டது. உண்மையில் அவளோடு இருந்த நாள்கள் மங்குகின்றன. எழுத்தன்று அவள் என்ன பூ வைத்திருந்தாள் என்று படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. நடக்காத அந்த நாள் மட்டும் ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. போன வாரம் முதல் தடவையாக அவள் என் பக்கம் திரும்பினாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். நான் மோட்டரை நிப்பாட்டப் போய்விட்டேன்.

மாமா வெங்காயத் தோட்டத் தறையில் நின்றார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு வந்தார்.

"புரூவ் வந்திட்டுதோ? அந்த வசனம் பெரிய எழுத்திலையோ?"

"ஓம் மாமா."

"தெல்லிப்பழையிலையிருந்து ஒராள் நேற்று வந்தவர். பேப்பரிலை பாத்தவராம். உங்கடை பிள்ளை தெய்வப்பிறவி எண்டார். நான் சொன்னன், நான் வளத்த வளர்ப்பில்லை, அது தானாய்ச் சொன்னது எண்டு." குரல் இறங்கியது. "அவள் சொன்னபடியால்தான் தம்பி. இல்லாட்டில் என்ரை கையாலை விட்டிருப்பனோ? இருந்து யோசிச்சால் நெஞ்சு அடைக்குது. பிறகு அவள் சொன்னவள் எண்டு நினைப்பன். மூச்சு வரும்."

தலையாட்டினேன்.

வீட்டுக்குள் உதயகலா மாமி ஏற்கெனவே சேலை மாற்றி, கைப்பையோடு நின்றா. புரூவை வாங்கி எட்டாம் பக்கத்தை வாசித்தா. மடித்துக் கைப்பையில் வைத்தா.

"தம்பி, என்னைக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போறீங்களோ? அந்தப் படியைப் பாக்கவேணும்."

"முப்பத்தொண்டுக்குப் போகத்தானே போறம்," என்றார் மாமா வாசலில் இருந்து.

"அண்டைக்குச் சனம்."

"உந்த வெயிலுக்கை மோட்டச்சைக்கிளிலை இருப்பீரோ?"

"முப்பது வருஷத்துக்கு முந்தி உங்கடை சைக்கிள் பாரிலை இருந்தனான்தானே. இது அதைவிடச் சொகுசு."

மாமா சிரித்தார். அவள் போன பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாமி ஒரு பக்கமாக இருந்து வந்தா. நகுலேஸ்வரம் கோயிலடியில் இறங்கிக் கும்பிட்டா. பிறகு கேணிக்கு நடந்தோம்.

பத்தரை மணி. கேணியில் ஏழெட்டு ஆண்கள். இரண்டு பேர் மதிலில் ஏறிக் குதித்தார்கள். ஒரு வயதானவர் படியில் இருந்து முதுகுக்குச் சவர்க்காரம் போட்டார். மதிலுக்கு அப்பால் கடல். தண்ணீர் மணம் அந்த நாளின் மணம்தான். அதாவது, நடக்காத நாளின் மணம்.

"எந்தப் படி?" என்றா மாமி.

கையைக் காட்டினேன். மூன்றாவது படி வெறுமையாக இருந்தது. ஈரமாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழும்பிப் போன மாதிரி ஓர் ஈரம்.

"உதிலையோ?"

"ஓம் மாமி."

"உது ஆம்பிளையளின்ரை கேணி."

பெண்களின் கேணி அந்தப் பக்கம், மதில் கட்டி மறைத்தது. எனக்குத் தெரியும். சின்ன வயது முதல் தெரியும். ஆஸ்பத்திரி அறையில் சொல்லும்போது நான் இருந்த இடத்தில் அவளை இருத்திவிட்டேன். மாமா அதைக் கவனிக்கவில்லை. டொக்டர் கவனிக்கவில்லை. இளையதம்பி மாஸ்டர் அழகாக எழுதியும் விட்டார்.

"வெயிலாய் இருந்தது. குளிக்கிற ஆக்கள் இல்லை. சும்மா இருந்தனாங்கள்," என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

மாமி மர நிழலில் ஒரு சீமெந்துக் கட்டின் மேல் இருந்தா. கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தா. நாட்காட்டித் தாள். தை மாதம். சில நாள்களில் பென்சிலால் சின்னப் புள்ளி.

"கலியாண நாள் வைக்கிறதுக்கு அவளின்ரை தீட்டு நாளெல்லாம் குறிச்சு வைச்சனான்," என்றா. "மணவறையிலை இருக்கிற அண்டைக்கு வந்திடக்கூடாதெண்டு. எல்லாத் தாய்மாரும் செய்யிறதுதான். இஞ்சை பாருங்கோ, எழுத்து முடிஞ்சு ரெண்டாவது ஞாயிறு. அதுதான் முதல் நாள். அண்டைக்கு அவள் கோயில் பக்கம் போகேலாது. அவளுக்கு முதல் நாள் எப்பவும் வயித்துக்குத்து. சுடுதண்ணிப் போத்தலை அணைச்சுக்கொண்டு அறைக்குள்ளை படுத்திருந்தவள். மத்தியானம் நான்தான் சோறு குழைச்சுக் குடுத்தனான்."

கேணிக்குள் ஒருவன் குதித்தான். தண்ணீர் எங்கள் கால்வரை தெறித்தது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நீங்கள் சொன்ன உடனை."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்கலாம்." தாளை மடித்தா. "அந்த டொக்டர்ப் பிள்ளை, ஆரோ ஒராள் சாகப்போறார், ஆரோ ஒராள் பிழைக்கலாம் எண்டு சொல்லேக்கை எனக்குக் குடுக்கத்தான் மனம். ஆனால் தாய் ஒருத்தி என்ரை பிள்ளையை வெட்டுங்கோ எண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது? வாய் வருமோ? நீங்கள் பொய் சொன்னீங்கள். நான் அதுக்குப் பின்னாலை ஒளிச்சுக்கொண்டன்."

மடித்த தாளைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தா.

"அதோடை விட்டிருக்கலாம். இப்ப ஊரெல்லாம் கதைக்குது. எனக்கு வந்து சொல்லுதுகள், உங்கடை மகள் அப்பிடிச் சொன்னவ, இப்பிடிச் சொன்னவ எண்டு. அண்டைக்கு என்ரை ராசாத்தி வயித்துக்குத்திலை அழுதவள். அதை நினைக்கப்போனால் அவள் உந்தப் படியிலை இருந்து பிரசங்கம் வைக்கிறாள். என்ரை பிள்ளையின்ரை அந்த ஒரு நாளை நீங்கள் எடுத்துப்போட்டீங்கள். ஈரலை எடுத்தது எனக்கு நோகேல்லை. இது நோகுது."

எனக்கும் அந்த நாள்தான் வருகிறது என்று சொல்ல நினைத்தேன். மூன்றாவது படியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"மாமா சொன்னார், அந்த வசனத்தை நினைச்சால்தான் மூச்சு வருதெண்டு," என்றேன்.

"தெரியும்."

"டொக்டரும் அதைச் சொல்லித்தான் மற்ற ஆக்களிட்டைக் கேக்கிறா. ரெண்டு வீட்டுக்காரர் ஓம் எண்டிட்டினம். அதை எடுத்தால் இனி வாற வீட்டுக்காரர்..."

"தெரியும் எண்டுதானே சொல்லுறன். எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ." கோபம் இல்லை. களைப்பு. "குடுத்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை. அவளைக் கேட்டுக் குடுத்தம் எண்டதுதான் பிழை. ஆர் குடுத்தது? நீங்கள் குடுத்தீங்கள். அவர் குடுத்தார். நான் குடுத்தன். அப்பிடிப் போடுங்கோ. அவளின்ரை வாயிலை ஒண்டையும் வைக்காதேங்கோ."

"மாமாவுக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன். புத்தகம் வர முதல்."

"பிறகு அவர் என்னை அந்தியேட்டிக்கு இருக்க விடமாட்டார்."

"விடாமலும் இருப்பார்." என் முகத்தைப் பார்த்தா. "அதுக்குத்தானே சொன்னீங்கள் அந்தப் பொய்யை?"

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தொலைபேசியை எடுத்தேன். முதலில் பிரதீபாவுக்கு. அவ வாட்டில் நின்றிருக்க வேண்டும், பின்னால் மெஷின்களின் சத்தம் கேட்டது. நாலு வசனத்தில் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"நாளைக்கு ஒரு வீட்டுக்காரரோடை கதைக்கவேணும் மயூரதன்," என்றா கடைசியில். "புருஷன்காரன் விழுந்ததிலை மூளை செத்திட்டுது. மனுசிக்கு இருபத்தாறு வயது. நான் போய் என்ன சொல்ல?"

"நாங்கள் கேக்காமல்தான் குடுத்தம் எண்டு சொல்லுங்கோ. அவ என்ன நினைச்சிருப்பா எண்டு எங்களுக்குத் தெரியாது, தெரியாமல்தான் குடுத்தம் எண்டு."

"அதைக் கேட்டிட்டு ஆர் தருவினம்?"

"தெரியேல்லை."

"ஒராள் சொன்ன சொல்லு எண்டால் சனம் பிடிச்சுக்கொள்ளும். இது..." நிறுத்தினா. "ஐம்பது புத்தகம் கேட்டனான். பத்துத் தாங்கோ."

வைத்துவிட்டா.

பிறகு நீக்கிலாப்பிள்ளை. எட்டாம் பக்கத்தில் உள்ளதை முழுவதும் எடுக்கச் சொன்னேன். பதிலுக்கு ஒரு வரி சொன்னேன். "வினோஜாவின் சிறுநீரகங்களையும் ஈரலையும் அவளைக் கேட்க முடியாத நிலையில் அவள் கணவரும் பெற்றோரும் கொடுத்தார்கள்."

"கணவர் எண்டதைக் கிடக்க விடட்டோ?" என்று கேட்டார்.

மாமியைப் பார்த்தேன். மாமி தலையை அசைத்தா.

"கிடக்கட்டும்."

"பக்கம் வெறிச்செண்டு இருக்குமே தம்பி. ஒரு வரிதான். மாஸ்டரிட்டை இன்னுமொரு வெண்பா வேண்டிப் போடட்டே?"

"வேண்டாம். அப்பிடியே விடுங்கோ."

"சரி. கல்வெட்டிலை இப்பிடி ஒண்டு நான் அடிச்சதில்லை," என்றார். "நாலு மணிக்கு ஏத்துறன்."

குளித்த ஆண்கள் ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். வயதானவர் துவாயைப் பிழிந்து தோளில் போட்டார். கேணி சிறிது நேரம் வெறுமையாக இருந்தது. அப்போது அவள் மூன்றாவது படியில் இருந்தாள். செருப்பு பக்கத்தில். என் பக்கம் திரும்பியிருந்தாள். வாய் திறந்திருந்தது. போன வாரம் கேட்கத் தொடங்கியதை இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

"தம்பி," என்றா மாமி. "அப்ப உண்மையிலை அவள் உங்களோடை கடைசியாய்க் கதைச்சது என்ன? அண்டைக்குக் காலமை படலையிலை ஸ்கூட்டியிலை இருந்துகொண்டு உங்களோடைதான் கதைச்சுக்கொண்டிருந்தவள். ஹெல்மெட்டை மேலை தூக்கிப்போட்டு, காதிலை ஃபோன். நான் குசினி யன்னலாலை பாத்தனான். சிரிச்சவள். அதை எனக்குச் சொல்லுங்கோ. நல்லதாய் இருக்கவேணும் எண்டில்லை."

பட்டி ஏன் பூட்டாமல் இருந்தது என்று அப்போது தெரிந்தது. மாமிக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு ஐம்பத்திரண்டு. முதல் நாள் இரவு நீக்கிலாப்பிள்ளை இரண்டு கலியாணக் காட் சாம்பிள்களின் படத்தையும் அனுப்பியிருந்தார். காலையில் எந்த நிறம் என்று கேட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்கு மெரூன் பிடித்தது. அதை அவளுக்குச் சொன்னேன். இப்பவே ஓம் எண்டு சொல்லிவிடட்டோ, மனுசன் பதிலுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அவள் சிரித்தாள். பின்னால் ஸ்கூட்டி ஓடிக்கொண்டிருக்கும் சத்தம்.

அதற்கு அவள் சொன்ன பதிலை மாமியிடம் அப்படியே சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"நீங்களாய் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. பின்னேரம் நான் வந்து பாத்துச் சொல்லுறன்."